'சார், கனெக்ட் ஆகலை': நெட்வொர்க் லேபும் மினி ப்ராஜெக்டும் நின்றுபோனால் எங்கே பார்ப்பது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் லேபும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் மினி ப்ராஜெக்டும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் கழுத்தை நெரிக்கும். அப்போது வரும் புகார் ஒன்றுதான்: "சார், கனெக்ட் ஆகலை." இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. "திரையில் என்ன வந்தது? எழுத்து விடாமல் வாசி" என்று கேட்டு, அவர்களும் வாசித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதுவரை போனது, யார் அதைத் திருப்பினார்கள் என்பது அந்தப் பிழைச்செய்தியிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் ப்ரோகிராமில் கை வைத்தால் சரியாக இருந்த வரியும் கெட்டுப்போகும்.

இரண்டு லேப்டாப், ஒன்றில் அழைப்புக்குக் காத்திருக்கும் சர்வர், இன்னொன்றில் அழைக்கும் கிளையண்ட், நெட்வொர்க் வழியே அவை பேசிக்கொள்ளப் பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதிய சாக்கெட் ப்ரோகிராம். இதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். எந்த இடத்திலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால், எது சரிசெய்தது என்று வைவாவில் உங்களால் சொல்ல முடியாது.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று வருகிறது

லினக்ஸில் 111, விண்டோஸில் 10061 என்ற எண்ணோடு வரும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது ஓரளவு நல்ல செய்தி. உங்கள் பாக்கெட் எதிர் லேப்டாப் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அதை வாங்கிப் பார்த்து, இந்தப் போர்ட்டில் (ஒரு ப்ரோகிராமுக்கான வாசல் எண்) யாரும் காத்திருக்கவில்லை என்று ரீசெட் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பெரிய வீட்டு முகப்பில் நின்று ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, உள்ளிருந்து "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று குரல் வருகிற மாதிரி. தெரு சரி, வீடு சரி, கேட்ட ஆள்தான் இல்லை. ஆகவே வைஃபை, ரவுட்டர், கேபிள் எதையும் தொடாதீர்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. சர்வர் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை ஏதோ பிழையில் நின்று அந்த ஜன்னல் பின்னால் மறைந்து கிடக்கிறதா? இரண்டு பக்கமும் போர்ட் எண் ஒன்றுதானா? 5050, 5500 என்று மாறிப்போவது சகஜம். மூன்றாவதுதான் அதிகம் பேரை மாட்டிவிடுவது: சர்வர் எந்த முகவரியில் பைண்ட் ஆகியிருக்கிறது, அதாவது எந்த முகவரிக்கு வரும் அழைப்பைக் கேட்கிறது?

சர்வர் இருக்கும் லேப்டாப்பில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு கொடுங்கள். லினக்ஸ் என்றால் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி என்ற எழுத்துகளோடு. உங்கள் போர்ட் இருக்கும் வரியில் 127.0.0.1:5050 என்று இருந்தால், அந்த சர்வர் தன் சொந்த மெஷினுக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். ஒரே லேப்டாப்பில் சோதித்தபோது ஓடியது, நண்பன் லேப்டாப்பிலிருந்து ஓடவில்லை என்பதற்கு இதுவே காரணம். பைண்ட் வரியில் முகவரியை 0.0.0.0 என்று மாற்றினால் எல்லா இன்டர்ஃபேஸிலும் (வைஃபை, கேபிள் போன்ற நெட்வொர்க் வாசல்கள்) கேட்கும்.

அந்த 0.0.0.0 சர்வருக்கு மட்டும்தான். கிளையண்ட்டில் அதையே எழுதினால் விண்டோஸில் பிழை வரும், லினக்ஸில் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். கிளையண்ட்டில் எழுத வேண்டியது சர்வர் லேப்டாப்பின் வைஃபை முகவரி. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் வரும் பட்டியலில் விர்ச்சுவல் மெஷினுக்கான முகவரிகளும் கலந்து கிடக்கும். வைஃபை என்று தலைப்பிட்ட பகுதியில் இருப்பதை எடுங்கள்.

வெகுநேரம் நின்றுவிட்டு "டைம்டு அவுட்" என்று வருகிறது

இங்கே பதிலே இல்லை. விண்டோஸில் சுமார் 21 விநாடியும், லினக்ஸில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலும் காத்திருந்துவிட்டு கிளையண்ட் கைவிடும். அந்தக் காத்திருப்பே ஒரு தடயம். சர்வர் ப்ரோகிராமில் எங்காவது தப்பிருந்தால் இவ்வளவு நேரம் மௌனமாக இருக்காது. பாக்கெட்டை நடுவில் யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள், அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லை.

முதல் சந்தேகம் சர்வர் லேப்டாப்பின் ஃபயர்வால் மேல். விண்டோஸில் சர்வரை முதன்முதலில் ஓட்டும்போது, இந்த ப்ரோகிராமை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் கேன்சல் அழுத்தினால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. அந்தப் பைத்தானுக்கோ ஜாவாவுக்கோ தடை விதி ஒன்று உள்ளே பதிந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டியும் வராது, இணைப்பும் வராது. விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வாலில் இன்பவுண்ட் ரூல்ஸ் பகுதிக்குப் போய், பைத்தான் என்ற பெயரில் சிவப்புக் குறியோடு இருக்கும் விதிகளை நீக்குங்கள். சர்வரை மறுபடி ஓட்டுங்கள். பெட்டி வரும்; இந்த முறை அனுமதியுங்கள். அந்த வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் அனுமதியும் பப்ளிக்குக்கே தேவை, பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போட்டால் போதாது.

ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு நிமிடச் சோதனைக்கு அணைத்தால்கூட உடனே திரும்பப் போடுங்கள். அணைத்ததை மறந்துவிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டில் பொது வைஃபையில் சேர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிங், அதாவது எதிர் மெஷின் பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை, கொடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதன் பதிலைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிங் வந்தால் பாதை இருக்கிறது என்று அர்த்தம். பிங் வராவிட்டால் பாதை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. விண்டோஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பிங்கைத் தானாகவே தடுத்து வைக்கும்.

ஃபயர்வால் சரி, முகவரி சரி, இன்னும் மௌனம் என்றால் அடுத்து வைஃபையின் மேல் சந்தேகப்படுங்கள். கல்லூரி, விடுதி, கடைகளின் பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேச முடியாதபடி தடுத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, தவறில்லை. ஆனால் இரண்டு லேப்டாப்பிலும் இன்டர்நெட் ஜோராக ஓடும், ஒன்றையொன்று மட்டும் பார்க்காது. இதை உறுதிசெய்ய ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டு லேப்டாப்பையும் அதில் சேருங்கள். முகவரி மாறியிருக்கும், புது முகவரியைக் கிளையண்ட்டில் கொடுங்கள். இதில் ஓடிவிட்டால் உங்கள் ப்ரோகிராமில் குறையில்லை. லேப்டாப் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு டேட்டாவும் செலவாகாது.

இன்னொரு வகை: நீங்கள் காரைக்குடியில் உங்கள் வீட்டில், கூட்டாளி பள்ளத்தூரில் அவர் வீட்டில். அவருடைய 192.168.1.5 என்ற முகவரியை வாங்கி இங்கே போட்டால் எந்தக் காலத்திலும் சேராது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் புழங்க 1996-லேயே ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டிலும் ஒரு 192.168.1.5 இருக்கலாம், பாக்கெட் அங்கேதான் போகும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு லேப்டாப்புக்குத் திருப்பிவிடுவது) செய்யலாமே என்று கேட்பீர்கள். அதற்குமுன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், உங்கள் இணைப்பைப் பல வீடுகளோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இன்டர்நெட் கம்பெனி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஃபார்வர்டிங் பலிக்காது. லேப் ரெக்கார்டுக்கு வேண்டிய வெளியீடு என்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்துவிடுவது நல்லது.

சேர்கிறது, ஆனால் நடுநடுவே அறுந்துபோகிறது

பழைய செட்டிநாட்டு வீடுகளில் தங்கிப் படிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ரவுட்டர் முகப்பில் இருக்கும். நீங்கள் வளவு தாண்டி, இரண்டாம் கட்டில் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். நடுவில் கனத்த செங்கல் சுவர் இரண்டு மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டும்போது 2.4-ஐவிட அதிகமாக வலுவிழக்கும். ப்ரோகிராமைக் குறை சொல்வதற்குமுன் ரவுட்டரின் முகவரிக்கு நூறு பிங் அனுப்பி, கடைசியில் வரும் கணக்கைப் பாருங்கள். அப்புறம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முகப்புக்கு வந்து அதையே செய்யுங்கள். உள்ளே பத்துப் பதினைந்து தொலைந்து, முகப்பில் ஒன்றும் தொலையவில்லை என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. 2.4-க்கு மாறுங்கள், அல்லது வளவின் திறந்த வாசல் பக்கமாக உட்காருங்கள்.

"நோ ரூட் டு ஹோஸ்ட்", "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்"

இரண்டும் லினக்ஸில் சீக்கிரமாக வந்துவிடும். அன்ரீச்சபிள் என்றால் பாக்கெட் உங்கள் லேப்டாப்பை விட்டே கிளம்பவில்லை. வைஃபை அறுந்திருக்கும் அல்லது டீஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய ரவுட்டரின் முகவரி) இல்லை. நோ ரூட் என்றால் பெரும்பாலும் அதே நெட்வொர்க்கில் அந்த முகவரி யாருடையது என்று ஏஆர்பி கேட்டும் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. உங்கள் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் டிஹெச்சிபி சர்வர் உங்களுக்கு முகவரியே தரவில்லை; மெஷின் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள்.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"

சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டும்போது வருவது. லினக்ஸில் 98, விண்டோஸில் 10048. காரணம் இரண்டில் ஒன்று.

பழைய சர்வர் சாகவே இல்லை. கன்ட்ரோலோடு சி அழுத்துவதற்குப் பதில் இசட் அழுத்தியிருப்பீர்கள். லினக்ஸில் அது ப்ரோகிராமை நிறுத்தி வைக்குமே தவிர முடிக்காது. போர்ட் அதன் கையிலேயே இருக்கும். மேலே சொன்ன நெட்ஸ்டாட் அல்லது எஸ்எஸ் காட்டும் ப்ராசஸ் எண்ணைப் பிடித்து முடித்துவிடுங்கள்.

அப்படி ஒருவரும் இல்லை, ஒரு நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிறது என்றால் அது டைம் வெயிட் நிலை. இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ அந்தப் பக்கம், வழி தவறி லேட்டாக வரும் பாக்கெட்டுகளுக்காகக் கொஞ்ச நேரம் அந்த இணைப்பின் நினைவை வைத்திருக்கும். 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793-லேயே இது உண்டு. லினக்ஸில் 60 விநாடி. பைண்ட் செய்வதற்குமுன் ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷனை ஆன் செய்தால் லினக்ஸில் காத்திருக்க வேண்டாம். விண்டோஸில் அதே ஆப்ஷனுக்கு அர்த்தம் வேறு: உயிரோடு இருக்கும் இன்னொரு சர்வரின் போர்ட்டையே பிடுங்கவிடும். அதனால் விண்டோஸில் அதைப் போடாதீர்கள். இரண்டு சர்வர் ஒரே போர்ட்டில் ஓடி, செய்தி எதற்குப் போகிறது என்று தெரியாமல் முழிக்க நேரிடும்.

கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் இரண்டு பக்கமும் சும்மா நிற்கிறது

பிழைச்செய்தியே இல்லாததால் இது கொஞ்சம் கஷ்டமானது. இரண்டு பக்கமும் எந்த வரியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு செண்டுக்கும் ரிசீவுக்கும் முன்னும் பின்னும் ஒரு பிரிண்ட் போட்டால் போதும். சர்வரும் ரிசீவில் நின்று, கிளையண்ட்டும் ரிசீவில் நின்றால், யார் முதலில் பேசுவது என்பதை நீங்கள் முடிவே செய்யவில்லை என்று அர்த்தம். காகிதத்தில் இரண்டு கோடு கிழித்து, இவன் அனுப்புகிறான், அவன் வாங்குகிறான் என்று அம்பு போட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் சீக்வென்ஸ் டயக்ராம் என்று மதிப்பெண்ணுக்காக வரைகிறோமே, அதன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்.

ஜாவாக்காரர்களுக்கு ஒரு தனிக் காரணம். ரீட்லைன் என்பது வரி முடிவுக் குறி வரும்வரை அசையாது. எதிர்ப்பக்கம் பிரிண்ட் என்று எழுதியிருந்தால் அந்தக் குறியே போகாது. பிரிண்ட்எல்என் என்று எழுதியிருந்தாலும் பிரிண்ட்ரைட்டரை உருவாக்கும்போது ஆட்டோ ஃப்ளஷ்ஷுக்கு ட்ரூ கொடுக்காவிட்டால் செய்தி பஃபரிலேயே தங்கிவிடும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் கிளையண்ட் பேசுகிறது. இரண்டாவது கிளையண்ட்டை ஓட்டினால் "கனெக்டட்" என்று வருகிறது, ஆனால் அனுப்புவதற்குப் பதில் வருவதில்லை. முதல் கிளையண்ட்டை மூடியதும், இரண்டாவது அனுப்பியதெல்லாம் சர்வரில் படபடவென்று விழுகிறது. என்ன நடந்தது? இணைப்பைத் தொடங்கும் மூன்று கட்ட ஹேண்ட்ஷேக்கை முடித்து வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. உங்கள் ப்ரோகிராம் அக்செப்ட் சொல்வதற்காக அது காத்திருப்பதில்லை. லிசன் வரியில் கொடுத்த எண்ணை ஒட்டி ஒரு வரிசை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை அதில் சேர்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் சர்வரோ முதல் கிளையண்ட்டின் ரிசீவில் கட்டுண்டு கிடக்கிறது, அக்செப்ட் வரிக்குத் திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு அக்செப்ட்டுக்கும் ஒரு த்ரெட் (ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் தனி வேலை) தொடங்கினால் தீரும். "கனெக்டட்" என்று வந்ததால் சர்வர் நம்மைக் கவனிக்கிறது என்று ஆகாது, இதை வைவாவில் விளக்கிச் சொல்லும் பிள்ளைக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அல்லது பாதியாக வருகின்றன

"வணக்கம்" என்றும் "எப்படி இருக்க" என்றும் தனித்தனியாக அனுப்பினீர்கள். எதிர்ப்பக்கம் ஒரே ரிசீவில் "வணக்கம்எப்படி இருக்க" என்று வருகிறது. ஒரே லேப்டாப்பில் பெரும்பாலும் ஒழுங்காக ஓடி, வைஃபையில் போட்டதும் குழம்பும். ஆகவே நெட்வொர்க் மேல் பழி விழும். நெட்வொர்க்கில் குற்றமே இல்லை. இந்த இணைப்பை நடத்தும் டிசிபி-க்கு செய்தி என்ற ஒன்றே தெரியாது. வரிசை மாறாமல் பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் பொறுப்பு. இரண்டு செண்ட் ஒரு ரிசீவாக வரலாம், ஒரு செண்ட் நான்கு ரிசீவாகவும் வரலாம். வழக்கமான ஈதர்நெட் பாதையில் ஒரு பாக்கெட்டுக்குள் 1460 பைட் வரைதான் அடங்கும். அதற்கு மேல் அனுப்பினால் பிரிந்தே போகும்.

தமிழில் சாட் ப்ரோகிராம் எழுதினால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அதனாலேயே எல்லோரையும் ஒரு முறை தமிழில் சோதிக்கச் சொல்கிறேன். "காரைக்குடி" என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் க, துணைக்கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று பத்துத் துண்டு. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்த் துண்டும் 3 பைட், ஆக 30 பைட். ரிசீவில் 16 என்று கொடுத்திருந்தால் முதல் தடவையில் அதிகபட்சம் 16 பைட் வரும்: 15 பைட்டில் "காரைக" முடிந்து, புள்ளியின் முதல் பைட் மட்டும் தனியாகத் தொங்கும். அதை டீகோட் செய்யச் சொன்னால் பைத்தான் 15-வது இடத்தில் தரவு பாதியில் முடிகிறது என்று யூனிகோட் பிழை கொடுத்து நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட் என்பதால் இந்தத் தப்பு ஒளிந்தே இருக்கும். ரிசீவ் எண்ணை 1024 ஆக்குவது தீர்வாகாது, தப்பைத் தள்ளிப்போடுவது அவ்வளவுதான். 1024-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதி ஒன்று வரும்.

சரியான வழி: ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள். நீளம் என்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. ஆகவே முதலில் என்கோட், அப்புறம் நீளம். வாங்கும் பக்கம் சரியாக 4 பைட் சேரும்வரை ரிசீவைச் சுழற்றி, நீளத்தைப் படித்து, அத்தனை பைட் சேரும்வரை மறுபடி சுழற்றி, முழுதாக வந்த பிறகே டீகோட் செய்ய வேண்டும். அனுப்பும் பக்கம் செண்டுக்குப் பதில் செண்ட்ஆல். சின்னச் செய்திகள் மட்டும் என்றால் வரி முடிவுக் குறி வரும்வரை படிப்பதும் போதும்.

சர்வர் வெற்று வரிகளைக் கொட்டுகிறது, ஃபேன் இரைகிறது

கிளையண்ட் போய்விட்டது, சர்வர் அதைக் கவனிக்கவில்லை. எதிர்ப்பக்கம் இணைப்பை மூடியதும் பைத்தானில் ரிசீவ் வெற்று பைட்டைத் திருப்பும், ஜாவாவில் ரீட் மைனஸ் 1 தரும், அதுவும் காத்திருக்காமல் உடனே, ஒவ்வொரு தடவையும். வெற்றாக வந்தால் சுழலை விட்டு வெளியேறி சாக்கெட்டை மூடுங்கள்.

வயர்ஷார்க்கில் ஒன்றுமே தெரியவில்லை

வயர்ஷார்க் என்பது போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள். சர்வரும் கிளையண்ட்டும் ஒரே லேப்டாப்பில் ஓடினால் அந்தப் பாக்கெட்டுகள் வைஃபை கார்டு பக்கமே போவதில்லை. 127.0.0.1-க்குப் பதில் உங்கள் சொந்த 192.168 முகவரியைக் கொடுத்தாலும் அப்படித்தான். லூப்பேக் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் அது பட்டியலில் இல்லையென்றால் வயர்ஷார்க்குக்குப் பாக்கெட்டுகளைப் பிடித்துத் தரும் என்பிகேப்பைச் சரியாக நிறுவவில்லை.

தெரிய ஆரம்பித்ததும் முதல் இரண்டு அறிகுறிகளைக் கண்ணால் பாருங்கள். சின் (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) போய், ரீசெட் திரும்பினால் ரெஃப்யூஸ்ட். சின் மட்டும் இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் போனால் டைம் அவுட். ரெக்கார்டில் ஒட்டுவதற்கு இந்த இரண்டு ஸ்க்ரீன்ஷாட்களும் மிக நல்லவை. ஓடிய வெளியீட்டை மட்டும் ஒட்டுவதைவிட நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று காட்டும்.

பாக்கெட் ட்ரேசரில் பிங் போகவில்லை

பாக்கெட் ட்ரேசர் என்பது நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் மென்பொருள். அதில் முதல் பிங் மட்டும் தோற்று மற்றவை வந்தால் பிழையே இல்லை. ஏஆர்பி முகவரி தேடிய நேரத்தில் அது தொலைந்தது. ஸ்விட்ச் விளக்கு ஆரஞ்சாக இருந்தால் அரை நிமிடம் பொறுங்கள், ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட் சுற்றிச் சுற்றி வராமல் பார்க்கும் சோதனை) முடிந்ததும் பச்சையாகும். ரவுட்டர் பக்கம் சிவப்பாகவே இருந்தால் அந்த இன்டர்ஃபேஸுக்கு நோ ஷட்டவுன் கொடுக்கவில்லை. ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் தொடக்கத்தில் மூடியே இருக்கும்.

எல்லாம் பச்சை, ஆனாலும் வேறு நெட்வொர்க்குக்குப் போகவில்லை என்றால் இரண்டு பிசியிலும் டீஃபால்ட் கேட்வே பாருங்கள். போகிற வழி இருந்து திரும்பும் வழி இல்லாவிட்டாலும் பிங் தோற்கும். அனுப்பும் பக்கத்தையே முறைத்துப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். சிமுலேஷன் மோடில் பாக்கெட்டைக் குறிக்கும் கவர் படம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ரிப் (ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) போட்டு சப்நெட்டுகள் குழம்பினால் வெர்ஷன் 2, நோ ஆட்டோ சம்மரி இரண்டையும் கொடுத்தீர்களா? முதல் வெர்ஷன் சப்நெட் மாஸ்க்கை அனுப்புவதே இல்லை.

ஒரே அறை இரண்டு பேருக்கு புக் ஆகிவிட்டது

இந்தப் பக்கத்தில் மினி ப்ராஜெக்ட் என்றால் பாதிப் பேர் கானாடுகாத்தான் வீடுகளில் அறை முன்பதிவு, ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர், கண்டாங்கிச் சேலைக் கடை இருப்பு என்று எடுக்கிறார்கள். நல்ல தலைப்புகள்; பக்கத்திலேயே போய்க் கேட்டு எழுதலாம். ஆனால் இவற்றில் எல்லாம் ஒரே தப்பு காத்திருக்கிறது. ப்ரோகிராம் முதலில் அறை காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் பதிவைச் சேர்க்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இன்னொருவரும் காலியா என்று பார்த்து, ஆம் என்ற பதிலை வாங்கிவிட்டால் இரண்டு பதிவும் ஏறிவிடும்.

தனியாகச் சோதித்தால் இது வரவே வராது. வேண்டுமென்றே வரவழையுங்கள்: பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் 5 விநாடி ஸ்லீப் போட்டு, இரண்டு ப்ரௌசரிலிருந்து அடுத்தடுத்து புக் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வரும். இஷ்டப்பட்ட நேரத்தில் வரவழைக்க முடிகிற தப்பைத் திருத்திவிடலாம்.

பைத்தானில் லாக் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். சர்வர் இரண்டு ப்ராசஸாக ஓடினால் அந்தப் பூட்டு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. பொறுப்பை டேட்டாபேஸிடம் கொடுங்கள். ஓர் இரவுக்கு ஒரு வரிசை என்று அட்டவணையை அமைத்து, அறை எண்ணும் தேதியும் சேர்ந்து யூனிக் என்று விதி போடுங்கள். இரண்டாவதாக வருபவரின் பதிவை டேட்டாபேஸே தள்ளிவிடும். அந்தப் பிழையைப் பிடித்து "இந்த அறை இப்போதுதான் போனது" என்று அவருக்குச் சொல்லுங்கள். மூன்று இரவு கேட்டால் மூன்று வரிசையையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இரவு பதிவாகி மூன்றாவது அந்தரத்தில் நிற்கும். "ஓர் அறை, ஓர் இரவு, ஒரே முன்பதிவு" என்ற வரியைத் தேவை ஆவணத்திலேயே எழுதிவிட்டால், சோதனைத் திட்டத்தில் எதைச் சோதிப்பது என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

"என் லேப்டாப்பில் ஓடுது, லேபில் ஓடலை"

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. சி ட்ரைவில் தொடங்கும் முழுப் பாதையை ப்ரோகிராமுக்குள் எழுதியிருந்தால் வேறு மெஷினில் உடையும். நிறுவிய லைப்ரரிகளின் பட்டியலை ப்ராஜெக்டோடு சேர்க்கவில்லை என்றாலும் அப்படியே. மூன்றையும் ஒரே அடியில் கண்டுபிடிக்க, உங்கள் கிட் ரெப்பாசிட்டரியை (ப்ராஜெக்ட் கோப்புகளும் அவற்றின் மாற்றங்களும் இருக்கும் கிடங்கு) புதிய ஃபோல்டரில் க்ளோன் செய்து, முடிந்தால் நண்பனின் லேப்டாப்பில், அங்கிருந்து ஓட்டுங்கள்.

கிட்டில் புஷ் ரிஜெக்டட் என்று வந்தால் உங்களுக்குமுன் கூட்டாளி ஏதோ ஏற்றியிருக்கிறார். புல் செய்து, இரண்டையும் சேர்த்து, பிறகு புஷ். ஃபோர்ஸ் போட்டால் போய்விடும் என்று நெட்டில் எழுதியிருப்பார்கள். போய்விடும், கூட்டாளியின் வேலையும் சேர்ந்து. மெர்ஜுக்குப் பிறகு சின்டாக்ஸ் எரர் வந்தால் கோப்பில் ஏழு சமக்குறி வரிசையாக இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு மேலும் கீழும் இரண்டு பேர் எழுதியதும் கிடக்கும். எது வேண்டும் என்று கூட்டாளியிடம் கேட்டுவிட்டு அழியுங்கள்.

நேற்று ஓடியது, டெமோ அன்று ஓடவில்லை

ப்ரோகிராமை யாரும் தொடவில்லை என்றால் மாறியது முகவரிதான். டிஹெச்சிபி இன்று வேறு எண் கொடுத்திருக்கும். சர்வர் முகவரியை ப்ரோகிராமுக்குள் பொறிக்காமல், ஓட்டும்போது கேட்டு வாங்கும்படி எழுதுங்கள். டெமோவுக்கு உங்கள் முறை வருவதற்குமுன் இரண்டு லேப்டாப்பையும் சொந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, முகவரியைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒரு செய்தி அனுப்பி வாங்கிப் பாருங்கள். அதன் பிறகு எந்த வைஃபைக்கும் மாறாதீர்கள்.